விளையாட்டுத் தானுந்தில் எரிபொருள் சுமை

எரிபொருள் சுமை என்பது ஒரு தானுந்து தன் தொட்டியில் ஏற்றிச் செல்லும் எரிபொருளின் எடையைக் குறிக்கும். ஸ்போர்ட்ஸ் கார் என்று பரவலாக அறியப்படும் விளையாட்டுத் தானுந்துகளிலும், பந்தயத் தானுந்துகளிலும் இச்சுமை வண்டியின் மொத்த எடை, முன்பின் எடைப் பங்கீடு, ஈர்ப்பு மையத்தின் இருப்பிடம், வளைவுகளில் திரும்பும் தன்மை ஆகியவற்றை மாற்றுகிறது. வண்டியின் மற்ற உறுப்புகளின் எடை ஓட்டத்தின்போது ஏறத்தாழ மாறாதிருக்க, எரிபொருளின் எடை மட்டும் தொடர்ந்து குறைந்துகொண்டே செல்கிறது. ஆகவே தொட்டி நிறையப் புறப்பட்ட வண்டியும், தொட்டி வற்றும் நிலையில் திரும்பி வரும் அதே வண்டியும் இயக்கவியல் நோக்கில் ஒன்றல்ல. இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பது எரிபொருளின் அளவை மட்டும் பொறுத்ததன்று. தொட்டி வண்டியின் எப்பகுதியில் உள்ளது என்பதையும் பொறுத்தது. பல வேளைகளில் இரண்டாவது காரணமே முதன்மையானது.

இக்கட்டுரையில் பொது வழக்கை ஒட்டி எடை கிலோகிராமில் குறிக்கப்படுகிறது. இயற்பியல் நோக்கில் அது பொருளின் திணிவாகும்.

எரிபொருளின் எடை

ஐரோப்பியத் தரநிலையான ஈஎன் 228, பெட்ரோலின் அடர்த்தி 15 பாகை செல்சியசில் ஒரு கன மீட்டருக்கு 720 முதல் 775 கிலோகிராம் வரை இருக்கலாம் என வரையறுக்கிறது. எனவே ஒரு லீட்டர் பெட்ரோல் ஏறத்தாழ முக்கால் கிலோகிராம் எடை கொண்டது எனக் கொள்ளலாம். வெப்பநிலை 10 பாகை உயர்ந்தால் பெட்ரோல் ஏறத்தாழ 1 விழுக்காடு விரிவடைகிறது. இதனாலேயே பந்தய விதிகள் பலவற்றில் எரிபொருள் லீட்டரில் அல்லாது கிலோகிராமில் அளக்கப்படுகிறது.

1989 ஆம் ஆண்டு வெளிவந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 தானுந்தின் தொட்டி 45 லீட்டர் கொள்ளும். இது ஏறத்தாழ 34 கிலோகிராம் ஆகும். ஹோண்டா என்எஸ்எக்ஸ் தானுந்தின் 70 லீட்டர் தொட்டி நிறைந்தால் எடை 52 கிலோகிராம் கூடுகிறது. பெராரி எப்40 தானுந்தில் இருபுறமும் 60 லீட்டர் கொண்ட இரு தொட்டிகள் உள்ளன. இரண்டும் நிறைந்த நிலையில் எரிபொருளின் எடை மட்டும் ஏறத்தாழ 89 கிலோகிராம். நீண்ட தொலைவுப் பந்தயங்களை மனத்திற் கொண்டு 1963 ஆம் ஆண்டின் செவ்ரோலே கோர்வெட் வகைக்கு 36.5 அமெரிக்க கேலன், அதாவது 138 லீட்டர் கொள்ளும் பெருந்தொட்டி ஒன்று விருப்பத் தெரிவாக வழங்கப்பட்டது. வழக்கமான தொட்டியோ 20 கேலன் மட்டுமே கொள்ளும். பெருந்தொட்டி நிறைந்தால் வண்டியின் பின்புறத்தில் 100 கிலோகிராமுக்கும் மேற்பட்ட நீர்மம் சேர்ந்துவிடும்.

அன்றாடச் சாலைப் பயணத்தைப் பொறுத்தவரை இவ்வெண்களை மிகைப்படுத்தத் தேவையில்லை. பக்கத்து இருக்கையில் ஒருவர் அமர்ந்தால் கூடும் எடை, பெரும்பாலான விளையாட்டுத் தானுந்துகளில் முழுத் தொட்டிப் பெட்ரோலின் எடையைவிட அதிகம்.

உலர் எடையும் இயங்குநிலை எடையும்

தானுந்துகளின் எடையை ஒப்பிடும் மாணவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது, அந்த எடை எந்நிலையில் அளக்கப்பட்டது என்பதாகும். எரிபொருள், எண்ணெய், குளிர்விப்பு நீர்மம் முதலியன இல்லாத எடை உலர் எடை எனப்படுகிறது. இவை அனைத்தும் நிரப்பப்பட்டு ஓடத் தயாராக உள்ள வண்டியின் எடை இயங்குநிலை எடை ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அளவீட்டு முறையில் தொட்டி 90 விழுக்காடு நிறைந்திருக்க வேண்டும் என்பதுடன், ஓட்டுநருக்கும் அவரது பொருட்களுக்குமாக 75 கிலோகிராம் சேர்க்கப்படுகிறது. செருமானிய டிஐஎன் முறையில் எரிபொருள் உண்டு, ஓட்டுநர் இல்லை.

பெராரி எப்40 தானுந்துக்குப் பரவலாகக் குறிப்பிடப்படும் 1100 கிலோகிராம் என்பது உலர் எடையே. தொட்டிகளை நிரப்பினாலே இதில் 8 விழுக்காடு கூடிவிடும். உலர் எடையைத் தருவது இத்தாலிய உற்பத்தியாளர்களிடம் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கம். ஒரு நிறுவனத்தின் உலர் எடையை மற்றொன்றின் இயங்குநிலை எடையுடன் ஒப்பிட்டு முடிவு காண்பது, தானுந்து குறித்த எழுத்துகளில் அடிக்கடி காணப்படும் பிழையாகும்.

முடுக்கமும் பிரேக்கும்

நியூட்டனின் இரண்டாம் விதிப்படி, ஒரே விசைக்கு எடை கூடினால் முடுக்கம் குறையும். எரிபொருள் இல்லாத நிலையில் 1450 கிலோகிராம் எடையுள்ள ஒரு தானுந்தில் 64 லீட்டர், அதாவது ஏறத்தாழ 48 கிலோகிராம் பெட்ரோல் நிரப்பினால், அதன் எடை 3.3 விழுக்காடு கூடுகிறது. முடுக்கமும் ஏறத்தாழ அதே விகிதத்தில் குறையும். உச்ச வேகம் மட்டும் இதனால் பெரிதும் பாதிக்கப்படுவதில்லை. மிகு வேகத்தில் எஞ்சினின் ஆற்றலில் பெரும்பகுதி காற்றுத் தடையை எதிர்ப்பதிலேயே செலவாவதே இதற்குக் காரணம்.

பிரேக் பிடிக்கும்போது வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. எடை 3.3 விழுக்காடு கூடினால் வெப்பமும் அதே அளவு கூடும். ஒரு முறை நிறுத்துவதற்கு இது பொருட்டல்ல. ஆனால் பந்தயத் தடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் பத்துப் பன்னிரண்டு முறை கடுமையாகப் பிரேக் பிடிக்கும் வண்டியில், முழுத் தொட்டியுடன் ஓடும் முதற் சுற்றுகளே பிரேக்குகளுக்கும் டயர்களுக்கும் கடினமானவை.

டயர்களின் பிடிப்பு

எடை கூடினால் டயர் சாலையின் மீது கூடுதலாக அழுந்தும். ஆகவே பிடிப்பும் கூடும். எனவே வளைவில் செல்லும் வேகம் மாறக்கூடாது என்று ஒருவர் வாதிடலாம். பள்ளிப் பாடநூலில் உள்ள உராய்வு விதியின்படி இது சரியே. ஆனால் இரப்பர் டயர்கள் அவ்விதிக்கு முழுமையாகக் கட்டுப்படுவதில்லை. டயரின் மீதான சுமை கூடக்கூட அதன் உராய்வுக் குணகம் சிறிது சிறிதாகக் குறைகிறது.

இதனை விளக்கச் சில கற்பனை எண்களைக் கொள்வோம். ஒரு டயரின் உராய்வுக் குணகம் 3000 நியூட்டன் சுமையில் 1.10 எனவும், 4000 நியூட்டனில் 1.06 எனவும், 5000 நியூட்டனில் 1.02 எனவும் இருக்கட்டும். நேராகச் செல்லும்போது முன்னச்சின் இரு டயர்களும் தலைக்கு 4000 நியூட்டன் சுமக்கின்றன. அவை தரக்கூடிய மொத்தப் பக்கவிசை 8480 நியூட்டன். வளைவில் திரும்பும்போது சுமையின் ஒரு பகுதி உட்புற டயரிலிருந்து வெளிப்புற டயருக்குப் பெயர்கிறது. அப்போது ஒன்று 3000, மற்றொன்று 5000 நியூட்டன் சுமந்தால் மொத்தப் பக்கவிசை 8400 நியூட்டனாகக் குறைந்துவிடுகிறது. மொத்தச் சுமை மாறவில்லை என்பதைக் கவனிக்கவும். எடை மிகுந்த வண்டியில் இச்சுமைப் பெயர்ச்சியும் மிகுதி. ஆகவே எரிபொருள் கூடும்போது தேவைப்படும் பக்கவிசை எடையின் விகிதத்திலேயே கூட, கிடைக்கும் பிடிப்போ அதற்குக் குறைந்த விகிதத்திலேயே கூடுகிறது.

காற்றியக்கவியல் இறக்கைகள் பொருத்திய பந்தயத் தானுந்துகளில் இவ்விளைவு மேலும் வலுவானது. இறக்கைகள் தரும் கீழ்நோக்கு விசை வேகத்தைப் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. தொட்டி நிறைந்திருந்தாலும் வற்றியிருந்தாலும் அவ்விசை ஒன்றே. எனவே இலேசான வண்டிக்கு அது விகித அளவில் பெரிய உதவியாகவும், கனமான வண்டிக்குச் சிறிய உதவியாகவும் அமைகிறது.

தொட்டியின் இடம்

வண்டி வளைவில் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைத் தீர்மானிப்பதில் முன்பின் எடைப் பங்கீடு பெரும் பங்கு வகிக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் வண்டி வெளிப்புறமாக விலகிச் செல்வது குறைதிருப்பம் எனப்படும். வேண்டியதைவிட மிகுதியாகத் திரும்பி, பின்புறம் வெளியே வழுக்குவது மிகைதிருப்பம் எனப்படும். பிற யாவும் மாறாதிருக்க, முன்புறம் எடை கூடினால் வண்டி குறைதிருப்பத்தை நோக்கியும், பின்புறம் எடை கூடினால் மிகைதிருப்பத்தை நோக்கியும் சாய்கிறது. ஆகவே வண்டியின் ஒரு முனையில் தொட்டி இருந்தால், எரிபொருள் தீரத்தீர வண்டியின் குணமும் மாறிக்கொண்டே இருக்கும்.

இச்சிக்கலைப் பந்தயத் தானுந்து வடிவமைப்பாளர்கள் வெகு முன்னரே அறிந்திருந்தனர். முன்புறம் எஞ்சினும் வால்பகுதியில் தொட்டியும் கொண்ட பழைய கிராண்ட் பிரிக்சு தானுந்துகள், பந்தயத் தொடக்கத்தில் வால் கனத்தும் முடிவில் வால் இலேசாகியும் ஓடின. ஓட்டுநர் பந்தயம் முழுவதும் தன் ஓட்டும் முறையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. 1934 ஆம் ஆண்டு பந்தயத்துக்கு வந்த ஆட்டோ யூனியன் தானுந்தில், பெர்டினண்ட் போர்சே எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னே வைத்து, தொட்டியை ஓட்டுநருக்கும் எஞ்சினுக்கும் இடையில் அமைத்தார். தொட்டி வண்டியின் நடுப்பகுதியில் இருந்ததால் எரிபொருள் தீர்ந்தாலும் எடைப் பங்கீடு பெரிதாக மாறவில்லை. வித்தோரியோ யானோ வடிவமைத்து 1954 ஆம் ஆண்டு எசுப்பானிய கிராண்ட் பிரிக்சில் அறிமுகமான லான்சியா டி50 தானுந்து இதே நோக்கத்தை வேறு வழியில் நிறைவேற்றியது. அதில் எரிபொருளின் பெரும்பகுதி, முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இருபுறமும் பொதிமூட்டைகள் போலத் தொங்கிய தொட்டிகளில் வைக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறான எடுத்துக்காட்டு போர்சே 911. இதன் எஞ்சின் பின்னச்சுக்கும் பின்னால் உள்ளது. எரிபொருள் தொட்டியோ வண்டியின் முன்பகுதியில், முன்னச்சுக்கு அருகில் உள்ளது. பின்புறத்தின் பெருஞ்சுமைக்கு எரிபொருள் ஓரளவு எதிர்ச்சுமையாக அமைகிறது. ஆனால் இந்த எதிர்ச்சுமை நிலையானதன்று.

தொடக்ககால 911 தானுந்துகள் நேர்ச்சாலையில் அலைவதாகவும், வளைவில் பின்புறம் எளிதில் வழுக்குவதாகவும் கருதப்பட்டன. இதைத் தணிக்க 1960களின் நடுப்பகுதியில் போர்சே நிறுவனம் முன் பம்பரின் இரு முனைகளிலும் தலைக்கு 11 கிலோகிராம் எடையுள்ள வார்ப்பிரும்புக் கட்டிகளைப் பொருத்தியது. இலேசான எடையைப் பெருமையாகக் கொண்ட ஒரு நிறுவனம் வேண்டுமென்றே 22 கிலோகிராம் இரும்பைச் சேர்த்தது என்பதிலிருந்தே சிக்கலின் தீவிரம் விளங்கும். இனி எரிபொருளைப் பார்ப்போம். அவ்வண்டியின் தொட்டி 62 லீட்டர் கொள்ளும். அதாவது ஏறத்தாழ 46 கிலோகிராம். பம்பரில் உள்ள இரும்பு முன்னச்சுக்கும் முன்னால் இருப்பதால் நெம்புகோல் போன்று சற்றுக் கூடுதலாகச் செயற்படும் என்பது உண்மையே. அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டாலும், முழுத் தொட்டி முன் சக்கரங்களுக்குத் தரும் சுமை இரும்பு தந்ததைவிடப் பெரியது. அதாவது தொட்டி வற்றும்போது வண்டி இழந்த எதிர்ச்சுமை, நிறுவனம் திருத்தமாகச் சேர்த்த சுமையைவிட மிகுதி. 1969 ஆம் ஆண்டு மாதிரியில் அச்சிடைத் தொலைவு 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268 மில்லிமீட்டராக நீட்டப்பட்டது. ஒரு மின்கலத்துக்குப் பதிலாக முன்புற மூலைகளில் இரு சிறு மின்கலங்கள் வைக்கப்பட்டன. இரும்புக் கட்டிகளும் நீங்கின.

பிற்காலத்து 911 வகைகளில் 64 லீட்டர் தொட்டி வழக்கமாயிற்று. முன்னர்க் கூறிய 1450 கிலோகிராம் வண்டியை இத்தகையதாகக் கொண்டு ஒரு கணக்குப் போடலாம். அச்சிடைத் தொலைவு 2.45 மீட்டர், எரிபொருள் இல்லாத நிலையில் முன்னச்சின் பங்கு 38 விழுக்காடு, தொட்டியின் நடுப்புள்ளி முன்னச்சுக்கு 0.25 மீட்டர் பின்னே எனக் கொள்வோம். 48 கிலோகிராம் எரிபொருளில் ஏறத்தாழ 43 கிலோகிராம் முன்னச்சின் மீதும், எஞ்சிய 5 கிலோகிராம் பின்னச்சின் மீதும் விழும். முன்னச்சின் பங்கு 39.7 விழுக்காடாக உயரும். மொத்த எடை 3.3 விழுக்காடு மட்டுமே கூடியிருக்க, முன் சக்கரங்களின் சுமை 551 கிலோகிராமிலிருந்து 594 கிலோகிராமாக, அதாவது ஏறத்தாழ 8 விழுக்காடு கூடியிருக்கிறது. வண்டியின் எடையில் சிறிதாகத் தோன்றும் மாற்றம் ஓட்டுநரின் கையில் ஏன் பெரிதாக உணரப்படுகிறது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன.

நடு எஞ்சின் கொண்ட விளையாட்டுத் தானுந்துகளில் தொட்டியை இருக்கைகளுக்குப் பின்னே, எஞ்சினுக்கு முன்னே வைப்பது பொதுவான முறையாகும். ஹோண்டா என்எஸ்எக்ஸ், லோட்டஸ் எலீஸ் ஆகியன இத்தகையன. 2005 ஆம் ஆண்டு மாதிரியான போர்டு ஜிடி தானுந்தில் தொட்டி இரு இருக்கைகளுக்கும் இடையே உள்ள நடுச்சுரங்கத்தில் நீளவாக்கில் அமைந்துள்ளது. எரிபொருள் ஈர்ப்பு மையத்துக்கு அண்மையில் இருந்தால் மற்றொரு நன்மையும் உண்டு. வண்டி நிலைக்குத்து அச்சைச் சுற்றித் திரும்புவதற்குக் காட்டும் எதிர்ப்பு நிலைமத் திருப்புத்திறன் எனப்படும். ஒரு சுமை இதனைக் கூட்டும் அளவு, மையத்திலிருந்து அச்சுமைக்கு உள்ள தொலைவின் இருமடியைப் பொறுத்தது. தொலைவு இருமடங்கானால் விளைவு நான்கு மடங்காகும்.

தொட்டி பெரும்பாலும் தாழ்வாக அமைக்கப்படுவதால், நிறைந்த தொட்டி ஈர்ப்பு மையத்தைச் சில மில்லிமீட்டர் கீழே இறக்குவதும் உண்டு.

நீர்மத்தின் அலைவு

எரிபொருள் திண்மப் பொருளன்று. வண்டி வளைவில் செல்லும்போது நீர்மத்தின் மேற்பரப்பு சாய்கிறது. பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்துக்குச் சமமானால் மேற்பரப்பு 45 பாகை சாயும். இன்றைய விளையாட்டுத் தானுந்துகள் நல்ல டயர்களுடன் ஏறத்தாழ இந்த அளவை எட்டக்கூடியவை. முழுதும் நிறைந்த தொட்டியில் நீர்மம் நகர இடமில்லை. ஏறத்தாழ வெறுமையான தொட்டியில் நகர்வதற்கு எடையில்லை. எனவே அலைவின் தொல்லை பாதித் தொட்டி அளவில்தான் மிகுதி. இடமும் வலமும் அடுத்தடுத்து வரும் வளைவுகளில், வண்டி திரும்பிய பின்னரும் எரிபொருள் பழைய பக்கத்திலிருந்து சற்றுத் தாமதித்தே மறுபக்கம் சென்று மோதும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் அமைப்பதும், பந்தயத் தொட்டிகளில் துளைகள் நிறைந்த நுரைப்பொருளை இட்டு வைப்பதும் இந்த ஓட்டத்தைத் தணிப்பதற்கே. நுரைப்பொருள் விபத்தின்போது எரிபொருள் சிதறுவதையும் குறைக்கிறது.

அலைவைவிட இடர் மிகுந்தது எரிபொருள் தடைப்படுதல். தொட்டியில் அளவு குறைந்திருக்கும்போது நீண்ட வளைவு ஒன்றில் எரிபொருள் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கினால், உறிஞ்சு குழாயின் வாய் காற்றை இழுக்கத் தொடங்கும். எஞ்சின் ஒரு கணம் திணறும். பின் சக்கர உந்துகை கொண்ட வண்டி, பிடிப்பின் எல்லையில் வளைந்துகொண்டிருக்கையில் உந்துவிசை திடீரென அற்றுப்போனால், சுமை முன்புறம் பெயர்ந்து பின் சக்கரங்கள் வழுக்கக்கூடும். ஓட்டுநர் எத்தவறும் செய்யாமலே வண்டி சுழன்றுவிடும் வாய்ப்பு இது. இதைத் தவிர்க்கப் பந்தயத் தானுந்துகளில் ஒன்றிரண்டு லீட்டர் எரிபொருளை எப்போதும் நிறைந்திருக்கச் செய்யும் சிறு சேமக்கலம் ஒன்று அமைக்கப்படுகிறது. சாலைத் தானுந்தைத் தடத்தில் ஓட்டிப் பார்ப்போர், எடையைக் குறைக்க எண்ணி மிகக் குறைந்த எரிபொருளுடன் செல்வது இக்காரணத்தால் விரும்பத்தக்கதன்று.

சஸ்பென்ஷன் அமைவு

எடை மாறினால் சுருள்விற்களின் அமுக்கமும், அதனால் வண்டியின் தரையிடை உயரமும் மாறும். மேற்கண்ட கணக்கில் முன்னச்சுக்கு வந்த 43 கிலோகிராம், ஒவ்வொரு முன் சக்கரத்தின் மீதும் ஏறத்தாழ 211 நியூட்டன் விசையைச் சேர்க்கிறது. சக்கரத்தில் அளக்கப்படும் வில்லின் விறைப்பு மில்லிமீட்டருக்கு 40 நியூட்டன் எனின், முன்புறம் 5 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் தாழும். சாலையில் இதை எவரும் பொருட்படுத்தமாட்டார். ஆனால் அடிப்புறக் காற்றோட்டத்தால் பிடிப்புப் பெறும் பந்தயத் தானுந்தில் 5 மில்லிமீட்டர் பெரிய அளவு. நான்கு சக்கரங்களின் சுமையையும் தனித்தனியே எடைபோட்டுச் சமன்செய்யும்போது, ஓட்டுநரின் எடைக்கு ஈடான சுமையை இருக்கையில் வைத்துத் தொட்டியைப் பாதியளவு நிரப்பி அளப்பது பரவலான நடைமுறை. ஓட்டம் முழுமைக்குமான சராசரி நிலையை அது குறிக்கிறது.

பந்தயங்களில்

எரிபொருளைக் குறைவாக ஏற்றி வேகமாக ஓடி இடையில் நிறுத்தி நிரப்பிக்கொள்வதா, முழுதும் ஏற்றி நிறுத்தாமல் ஓடுவதா என்பது பந்தயத் தந்திரத்தின் பழைய வினா. 1957 ஆம் ஆண்டு நியூர்பர்கிரிங்கில் நடந்த செருமானிய கிராண்ட் பிரிக்சில், உவான் மானுவல் பாங்கியோ தம் மசராட்டி 250எப் தானுந்தைப் பாதித் தொட்டியுடனும் மென்மையான டயர்களுடனும் தொடங்கினார். 22 சுற்றுகளில் 12 சுற்றுகள் முடிந்ததும் நிறுத்தியபோது, அதுவரை ஈட்டிய முன்னிலை முழுவதையும் இழந்தார். நிறுத்தாமல் ஓடிய மைக் ஹாத்தோர்ன், பீட்டர் காலின்சு ஆகியோரின் பெராரி தானுந்துகளைப் பின்னர்த் துரத்திப் பிடித்து 3.6 நொடி வேறுபாட்டில் வென்றார். 1982 ஆம் ஆண்டு கோர்டன் மரே வடிவமைத்த பிரபாம் தானுந்துகள் திட்டமிட்ட எரிபொருள் நிறுத்தத்தைப் பார்முலா 1 பந்தயங்களில் மீண்டும் கொண்டுவந்தன. 1984 முதல் 1993 வரை தடைசெய்யப்பட்டிருந்த இடைநிரப்பல், 1994 முதல் 2009 வரை இசையப்பட்டு, 2010 இல் மீண்டும் தடைசெய்யப்பட்டது. அதன்பின் பந்தயம் முழுமைக்குமான எரிபொருளைத் தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டியதாயிற்று. 2014 இல் பந்தயத்துக்கான அளவு 100 கிலோகிராமாக வரையறுக்கப்பட்டு, 2017 இல் 105 ஆகவும், 2019 இல் 110 ஆகவும் உயர்த்தப்பட்டது. 10 கிலோகிராம் எரிபொருள் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 0.3 நொடி செலவு வைக்கும் என்பது அப்பந்தயங்களில் வழங்கிவரும் தோராயக் கணக்கு. தடத்தின் நீளத்தையும் வளைவுகளையும் பொறுத்து இது மாறும்.

எரிபொருளின் எடை ஒரு வழக்காகவும் மாறியதுண்டு. 2005 ஆம் ஆண்டு சான் மரீனோ கிராண்ட் பிரிக்சில் மூன்றாவதாக வந்த பிஏஆர் அணியின் ஜென்சன் பட்டன் ஓட்டிய தானுந்து, பந்தயத்துக்குப் பின் எடைபோட்டபோது குறைந்த அளவான 600 கிலோகிராமைத் தாண்டியிருந்தது. தொட்டிக்குள் இருந்த சேமக்கலத்தின் எரிபொருளையும் வடித்தபின் எடை 594.6 கிலோகிராமாகக் காணப்பட்டது. எஞ்சின் ஓடுவதற்கு அந்த எரிபொருள் இன்றியமையாதது என்பது அணியின் வாதம். எரிபொருளை எடைச்சுமையாகப் பயன்படுத்தலாகாது என்ற நோக்கில் மேன்முறையீட்டு மன்றம் அதை ஏற்கவில்லை. பந்தய முடிவு நீக்கப்பட்டதோடு அணி அடுத்த இரு பந்தயங்களிலும் விலக்கப்பட்டது.

மின்சார விளையாட்டுத் தானுந்துகள்

மின்கலத்தால் இயங்கும் தானுந்தில் எடை ஓட்டத்தின்போது மாறுவதில்லை. முழுதும் மின்னேற்றிய மின்கலமும் வெறுமையான மின்கலமும் நடைமுறையில் ஒரே எடை கொண்டவை. எனவே எடைப் பங்கீடு, தரையிடை உயரம் ஆகியவற்றை ஒரே நிலைக்கெனத் துல்லியமாக அமைக்க முடிகிறது. ஆயினும் தொட்டி வற்றவற்ற வண்டி இலேசாகும் நன்மை இங்கு இல்லை. 2008 ஆம் ஆண்டு வெளிவந்த டெஸ்லா ரோட்ஸ்டரின் மின்கலத் தொகுதி ஏறத்தாழ 450 கிலோகிராம் எடை கொண்டது. இது பெராரி எப்40 ஏற்றும் முழு எரிபொருளின் எடையைப்போல் ஐந்து மடங்கு. இத்தொகுதி இருக்கைகளுக்குப் பின்னே, பின்னச்சுக்கு முன்னே வைக்கப்பட்டிருந்தது.